யோபின் மேல் நிற்கும் சாத்தான்: பிளேக்கின் ஆறாம் தகட்டைச் செம்பில் வெட்டி அச்சிட்ட பதிவு

"உள்ளங்கால் தொடங்கி அவன் உச்சந்தலைமட்டும் கொடிய பருக்களால் அவனை வாதித்தான்" (விவிலியம், யோபு 2:7). ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் இந்த ஒரு வசனத்துக்கு ஒரு முழுத் தகட்டை ஒதுக்கினார். முகப்புப் பக்கத்தையும் சேர்த்து 22 தகடுகள் கொண்ட அவருடைய யோபு வரிசையில் இது ஆறாம் எண். யோபு தரையில் கிடக்கிறான், தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. அவன் உடலின் மேலேயே கால் ஊன்றிச் சாத்தான் நிற்கிறான். ஒரு கையில் அம்புகள், மறு கையில் கவிழ்த்த குப்பி. காலடியில் மனைவி முகத்தைப் புதைத்து அழுகிறாள். பின்னால் சூரியன் கடலில் இறங்குகிறது.

அந்தப் பக்கத்தை அதே அளவில், அமிலம் தொடாமல், பியூரின் எனப்படும் செதுக்குளியால் மட்டுமே வெட்டி 12 படிகள் எடுத்ததன் குறிப்பு இது. பியூரினைக் கையில் பிடித்தே பார்க்காதவர்கள் முழுத் தகட்டில் இறங்க வேண்டாம். யோபின் தலையும் தோளும் வரும் 8 × 10 செ.மீ. துண்டு ஒன்றை முதலில் வெட்டிப் பாருங்கள்.

ஏன் பியூரின் மட்டும்? அக்கால லண்டனின் தொழில்முறைச் செதுக்குநர்கள் படத்தின் பெரும்பகுதியை அமிலத்தில் அரித்துவிட்டு, மேல்வேலையை மட்டும் உளியால் முடிப்பார்கள். பிளேக்கும் ஜேம்ஸ் பசைர் என்ற செதுக்குநரிடம் 1772 முதல் ஏழு ஆண்டுகள் அந்த முறையில்தான் பழகினார். யோபு வரிசையில் அதை விட்டுவிட்டு, டியூரர், மார்க்கன்தோனியோ ராய்மோந்தி போன்ற பழைய செதுக்குநர்களின் நேரடி உளிக் கோட்டுக்குத் திரும்பினார். 1823 மார்ச் 25 அன்று ஜான் லின்னெல் என்ற ஓவியர் அவரோடு ஒப்பந்தம் போட்டபோது பிளேக்குக்கு வயது 65. ஒப்பந்தத்தில் இருந்தவை 20 தகடுகள். தகட்டுக்கு 5 பவுண்டு, அதாவது மொத்தம் 100 பவுண்டு. விற்பனை லாபத்திலிருந்து இன்னொரு 100. அவருடைய படங்களை வாங்கி ஆதரித்த தாமஸ் பட்ஸுக்காக ஏறத்தாழ 1805–06இல் தீட்டிய நீர்வண்ணங்கள் இருந்ததால் படங்களின் அமைப்பு முன்பே தயார். மிச்சமிருந்தது செம்பு வேலை. அமிலத்தில் அரித்த கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் ஓடும். உளிக்கோடு மெலிதாகப் பிறந்து, பருத்து, மெலிந்து முடியும். சாத்தானின் தொடையிலும் யோபின் விலாவிலும் தெரியும் இறுக்கம் இந்தப் பருத்து மெலிவதில் இருக்கிறது. அமிலத்தில் செய்தால் உருவம் வரும், இறுக்கம் வராது.

தகடு

பிளேக்கின் தகடு ஏறத்தாழ 22 செ.மீ. உயரம், 17 செ.மீ. அகலம். 1.6 மி.மீ. கனத்தில் இந்த அளவுச் செம்பு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம் எடை வரும். கடையில் வாங்கும்போது 'ஹாஃப் ஹார்டு' என்று கேளுங்கள். பழுக்கக் காய்ச்சி ஆறவைத்த மென்செம்பு உளியை இழுத்துப் பிடிக்கும், கோட்டின் இரு பக்கமும் பிசிறு கிளம்பும். அக்காலத் தகடுகளைச் சுத்தியலால் அடித்து இறுக்கியிருப்பார்கள். இன்றைய உருளைத் தகட்டில் அந்த இறுக்கத்துக்கு நெருங்கி வருவது அரைக்கடினச் செம்புதான்.

நான்கு ஓரங்களையும் அரத்தால் 45 பாகைக்குச் சரித்து, மூலைகளை லேசாக உருட்ட வேண்டும். சரிக்காத ஓரம் ஈரத்தாளைக் கிழிக்கும், அச்சுப்பொறியில் தாளுக்கு மேல் விரிக்கும் கம்பளித் துணியான ஃபெல்ட்டையும் வெட்டும். பிறகு தண்ணீர் உப்புத்தாள் 600, 800, 1000, 1500, 2000. ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை 90 பாகை மாற்றுங்கள். முந்தைய எண்ணின் கீறல் முழுக்கப் போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும். விட்டுப்போன கீறல் ஒவ்வொன்றும் மையைப் பிடித்துக்கொண்டு அச்சில் சாம்பல் கோடாக வரும். கடைசியில் உலோக மெருகுப் பசையால் ஒரு சுற்று. கண்ணாடி போல் பளபளக்கும் வரை போகத் தேவையில்லை. அந்தப் பளபளப்பில் வெட்டிய கோடு கண்ணுக்கே தெரியாது. விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே டிரேசிங் பேப்பரைத் திரையாகக் கட்டினால் கண்கூச்சம் குறையும்.

படத்தை மாற்றுதல்

அச்சில் இடம் வலமாகும். பிளேக்கின் அச்சுப்படியை அப்படியே தகட்டில் வரைந்தால் அம்பும் குப்பியும் கை மாறிவிடும். இது வெறும் அழகுக் கணக்கிலான பிழை அல்ல, பொருளிலும் பிழை. பிளேக் வலது, இடது கைகால்களைப் பொருள் வைத்தே வரைந்தார் என்று ஆய்வாளர்கள் பலர் வாசிக்கிறார்கள்.

தகட்டை மெல்லச் சூடாக்கித் தேன்மெழுகை மிக மெல்லிய படலமாகப் பூசி ஆறவையுங்கள். விரல் நகம் வைத்தால் தடம் விழ வேண்டும், நிறம் தெரியக் கூடாது. டிரேசிங் பேப்பரில் 4பி பென்சிலால் வரைந்த படத்தை முகம் கீழாக வைத்து, குறைந்த அழுத்தத்தில் ஒருமுறை பிரஸ்ஸில் (உருளை அச்சுப்பொறியில்) ஓட்டினால் பென்சில் கோடு மெழுகில் இறங்கும், தானாகவே திரும்பியும் இருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஊசியால் செம்பு லேசாகச் சிராயும் அளவுக்கு மட்டும் கீறி, மெழுகை டர்பென்டைனால் துடைத்துவிடலாம். ஊசி அழுந்தினால் அந்தக் கீறல் கடைசிவரை போகாது. குறிப்பாக யோபின் நெஞ்சு வெள்ளையாகவே நிற்க வேண்டிய இடம். அங்கே தொடர்கோடு வேண்டாம், புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்தாலே போதும்.

உளி

இரண்டு உளிகள் போதும்: தண்டின் குறுக்குவெட்டு சதுரமாக உள்ள ஒன்று, சாய்சதுரமாக உள்ள ஒன்று. ஏன் இரண்டு என்பதைக் கணக்கே சொல்லிவிடும். வெட்டு விளிம்பு 90 பாகையாக உள்ள சதுர உளியில் 0.2 மி.மீ. அகலக் கோடு வெட்டினால் ஆழம் 0.1 மி.மீ. விளிம்பு 60 பாகையாக உள்ள சாய்சதுரத்தில் அதே அகலத்துக்கு ஆழம் ஏறத்தாழ 0.17. ஆழம் கூடினால் மை கூடும், மை கூடினால் கருமை கூடும். ஆகவே இருண்ட வானத்துக்குச் சாய்சதுரம், உடலுக்குச் சதுரம். சாய்சதுரம் வளைவில் திரும்ப மறுக்கும். அதை உடற்பகுதிக்குக் கொண்டுபோனால் தோள் வளைவு உடைந்த குச்சிபோல் வரும்.

தீட்டுவதில் மூன்று முகங்களைக் கவனிக்க வேண்டும். முன்முகம் 45 பாகை. கீழே சேரும் இரண்டு பக்கங்களும் முழுத் தட்டையாக இருக்க வேண்டும். அவை நுனிக்கு அருகில் மட்டும் 3 முதல் 5 பாகை மேலேறியிருந்தால், கைப்பிடி தகட்டில் இடிக்காமல் உளி ஓடும். எண்ணெய்க்கல்லில் முன்முகத்தைச் சிறு வட்டமாகத் தேய்க்கும்போது மணிக்கட்டு அசைந்தால் முகம் உருண்டுபோகும். உருண்ட முகம் வெட்டாது, உழும். சோதனை எளிது: கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து வைத்து, தள்ளாமல் விடுங்கள். நுனி பிடித்து நின்றால் கூர்மை சரி. வழுக்கினால் மறுபடி கல்லுக்கு. 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தீட்டாமல் இந்த வேலை நடக்காது. தகட்டில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை மழுங்கிய நுனியால் வருபவை. மழுங்கியதும் கை தன்னையறியாமல் அழுத்தம் கூட்டும், நுனி செம்பைவிட்டு மேலேறி எதிர்ப்பக்கம் வரை பாயும். அதனால்தான் இடது கை விரல்கள் எப்போதும் நுனிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

வெட்டு

தகட்டை மணல் நிரப்பிய தோல் மெத்தையின் மேல் வையுங்கள். நேர்கோட்டுக்கு உளி முன்னே போகும். வளைவுக்கு உளி நின்ற இடத்திலேயே இருக்க, இடது கை தகட்டைச் சுழற்றும். பனையோலையில் எழுதியவர்களும் எழுத்தாணியை அலையவிடாமல் ஓலையைத்தான் நகர்த்தினார்கள். கை வேறு, கருவி வேறு, அறிவு ஒன்றே. பாத்திரத்தில் பெயர் வெட்டுவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தட்டி அமுக்கும் அந்த வெட்டில் உலோகம் பெரும்பாலும் ஒதுங்கும். பியூரின் உலோகத்தைச் சுருளாக வெளியே எடுக்கும். சுருள் அறுபடாமல் நீண்டு வந்தால் கோணம் சரி. தூள் தூளாக உதிர்ந்தால் நுனி போயிருக்கிறது. உளி நின்றுவிட்டால் கைப்பிடி அதிகம் உயர்ந்திருக்கிறது. அப்போது பக்கவாட்டில் திருகினால் நுனி உடைந்து செம்புக்குள் தங்கிவிடும். வந்த வழியே பின்னுக்கு இழுங்கள்.

கொப்புளத்தில் தொடங்க எல்லோருக்கும் கை துடிக்கும். தொடங்கக் கூடாது. இந்தப் படத்தில் வேதனையைச் சொல்வது கொப்புளம் அல்ல. வெளிறிய உடல் தப்பிக்க வழியில்லாமல் கருமைக்கு நடுவே விரிந்து கிடப்பதுதான் சொல்கிறது. யோபின் உடலில் எவ்வளவு குறைவாக வெட்டுகிறோமோ அவ்வளவு வலி தெரியும். அதற்குச் சுற்றியுள்ள இருட்டு முதலில் நிற்க வேண்டும். ஆகவே வரிசை இப்படி: வானமும் மேகமும், கடல், தரை, பிறகு சாத்தான், பிறகு மனைவியின் குனிந்த முதுகும் முடியும், கடைசியில் யோபு.

வானத்துக்கு மில்லிமீட்டருக்கு 3 கோடுகள். அதற்கு மேல் நெருக்கினால் கோடுகளுக்கு நடுவே நிற்கும் செம்புச் சுவர் இடிந்து, இரண்டு கோடுகள் ஒரே அகலப் பள்ளமாகும். அகலப் பள்ளத்தில் துடைக்கும் துணி புகுந்து மையை எடுத்துவிடும். அச்சில் கருமைக்குப் பதில் நடுவில் வெளிறிய திட்டு வரும். இருட்டு போதவில்லை என்று மேலும் மேலும் வெட்டுபவர்கள் விழும் குழி இது. இருட்டு வேண்டுமென்றால் குறுக்குக் கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு 30 முதல் 45 பாகையில் வெட்டினால் நீண்ட வைரக் கட்டங்கள் கிடைக்கும். 90 பாகையில் வெட்டினால் சாக்குத்துணி போலாகும். 10 பாகைக்குக் கீழே போனால் அலையலையாக நிழல் ஓடி, மேகம் பட்டுச் சேலை போல மினுங்கும்.

சாத்தானின் உடலில் கோடு தசையின் குறுக்கே வளைந்து போக வேண்டும். நீளவாக்கில் போனால் உடல் தட்டையாகிவிடும். தொடையில் ஒவ்வொரு கோடும் நிழல் பக்கம் 0.25 மி.மீ. வரை பருத்து, ஒளிப் பக்கம் மெலிந்து மறையட்டும். மறையும் இடத்தில் உளியை வெடுக்கென்று எடுக்காமல், கைப்பிடியை மெதுவாகத் தாழ்த்துங்கள். யோபின் நெஞ்சிலும் வயிற்றிலும் 2, 3 மி.மீ. நீளச் சிறு வெட்டுகளும் உளிநுனிப் புள்ளிகளும் மட்டும். கழுத்தில் தலை பின்னால் சாயும் மடிப்பு ஒன்று இருக்கிறது. அந்த ஒரு மடிப்பை மட்டும் சாய்சதுரத்தால் ஆழமாக வெட்டுங்கள்.

ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் முக்கோணச் சுரண்டியைத் தகட்டோடு கிட்டத்தட்டப் படுக்க வைத்துக் கோட்டோரப் பிசிறை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் முதல் சில படிகளில் கோட்டைச் சுற்றி மயிர்போல மை படரும், பிறகு பிசிறு தேய்ந்து காணாமல் போகும். ஒரே தகட்டின் படிகள் ஒன்றுபோல் ஒன்று இராது.

முழுத் தகட்டுக்கு 100 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். அதில் பாதி வானத்துக்கே போகும்.

கரைச் சித்திரம்

நடுப்படத்தைச் சுற்றி மெல்லிய கோட்டில் ஒரு கரை ஓடுகிறது: உடைந்த மண்பாண்டம், வெட்டுக்கிளி, தவளை, முட்செடி, அவற்றோடு வசனங்கள். அந்த ஓடு சும்மா வந்ததல்ல. அடுத்த வசனத்தில் யோபு "ஒரு ஓட்டை எடுத்து" உடம்பைச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்காருகிறான். கரைகள் பிற்பாடு தோன்றிய எண்ணம் என்றும், முன்வரைவு இல்லாமல் நேரே செம்பிலேயே அமைக்கப்பட்டவை என்றும் லின்னெல் பதிவு செய்திருக்கிறார். கரை இல்லாத சோதனைப் படிகளும் இருக்கின்றன. செய்முறையிலும் இதே வரிசைதான் சரி. நடுப்படத்தைச் சோதனை அச்சு எடுத்துத் திருத்தி முடித்த பிறகே கரையைத் தொடுங்கள். குறுக்குக் கோடு வேண்டாம். 0.1 மி.மீ.க்கு மேல் தடிக்காத ஒற்றைக்கோடு போதும். கரை கருத்தால் நடுப்படத்தின் கருமை வலுவிழந்துவிடும்.

வசனத்தைத் தமிழில் வெட்டுவதென்றால் சில கூடுதல் சிக்கல்கள். எழுத்து கண்ணாடிப் பிம்பமாக வர வேண்டும். ஆகவே எழுதி மாற்றிய தாளைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். நினைவிலிருந்து வெட்டினால் 'ள', 'ன' இரண்டும் ஏமாற்றும். எழுத்துயரம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் 'ணை', 'ஞ' ஆகியவற்றின் உள்சுழிகள் அடைபட்டு மைத்திட்டாகும். 'உச்சந்தலைமட்டும்' போன்ற சொல்லில் சுழியை ஒரே மூச்சில் வெட்டாமல், கால்வட்டம் கால்வட்டமாக நான்கு வெட்டில் முடியுங்கள். ஒவ்வொரு வெட்டும் முந்தையதன் மெலிந்த வாலில் தொடங்கட்டும். மெய்ப்புள்ளிக்கு உளிநுனியை ஊன்றி அரைச்சுற்று திருப்பினால் வட்டப்பள்ளம் விழும். வெறுமனே குத்தினால் முக்கோணமாகத்தான் வரும்.

மையும் தாளும்

வெட்டிய பள்ளத்தில் கரியைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் எழுத்து எழுந்து வரும் என்பது ஓலைச்சுவடிக்கு மையாடியவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். இங்கே கூடுதலாகப் பிரஸ்ஸின் அழுத்தம் ஈரத்தாளைப் பள்ளத்துக்குள் இறக்கி மையை வெளியே தூக்குகிறது.

செப்புத்தகட்டு மை, கெட்டியானது. தகட்டைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, அட்டைத் துண்டால் மையைப் பல திசையிலும் அழுத்திப் பூச வேண்டும். சென்னையின் சித்திரை, வைகாசி வெக்கையில் தகட்டைச் சூடாக்கவே தேவையில்லை. எண்ணெய் தானே இளகிக் கோட்டைவிட்டு வழியும். கத்திமுனை அளவு மெக்னீசியம் கார்பனேட் கலந்தால் கட்டுப்படும். கஞ்சி போட்ட வலைத்துணியைப் பந்தாக்கி வட்டமாகத் துடைத்து, கடைசியாகச் சீமைச்சுண்ணாம்புத் தூள் தொட்ட உள்ளங்கையின் ஓரத்தால் ஒரு தடவல். இந்தக் கைத்துடைப்பு இல்லாமல் யோபின் நெஞ்சு வெளுக்காது. மேலே சாம்பல் திரை நின்றால் படமே மங்கலான மாலைக் காட்சியாகிவிடும்.

தாள் 100 சதவீதப் பருத்தி, 250 கிராம் முதல் 300 கிராம். 30 நிமிடம் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, எடை வைத்து இரவு முழுக்க விடுங்கள். அச்சிடும்போது தாளின் மேல் தண்ணீர் மினுக்கு இருக்கக் கூடாது, கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும். நம்மூர்ப் புழுக்கத்தில் இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் பூசணம் பிடிக்கும்.

1826இல் வெளியான 315 தொகுதிகளில் 150 'இந்தியா தாள்' என்ற மெல்லிய தாளில் அச்சானவை. பெயர்தான் இந்தியா, தாள் சீனத்திலிருந்து வந்தது. அந்த விளைவு வேண்டுமானால் மெல்லிய ஆசியத் தாளைத் தகட்டைவிட 1 மி.மீ. சிறியதாக வெட்டி ஈரப்படுத்துங்கள். மை பூசித் துடைத்த தகட்டில் அதை வைத்து, முதுகில் சலித்த கோதுமைப் பசைத்தூளை மெல்லத் தூவி, அதன்மேல் கனத்த ஈரத்தாளை வைத்து ஒரே ஓட்டு. பசை அதிகமானால் ஓரத்தில் பிதுங்கி ஃபெல்ட்டில் ஒட்டும். குறைந்தால் காயும்போது மூலை எழும்பும். இந்த மெல்லிய தாள் பள்ளத்தின் அடிவரை போகும். வானத்தின் கருமை பருத்தித் தாளில் வருவதைவிட ஒரு படி கூடுதலாகவே வந்தது.

முதல் படியைக் கையில் எடுத்ததும் குறையைப் படித்துவிடலாம். கோட்டின் நடுவே வெள்ளை இடைவெளி என்றால் தாள் காய்ந்திருக்கிறது அல்லது அழுத்தம் போதவில்லை. கோட்டின் ஒரு பக்கம் மட்டும் மை கசிந்தால் தாள் அதிக ஈரம் அல்லது மை அதிக இளக்கம். ஒரே இடத்தில் எல்லாப் படியிலும் சாம்பல் திட்டு என்றால் கோளாறு தகட்டில்.

தவறைத் திருத்துதல்

உளி வழுக்கிய மெல்லிய கீறலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெருகுக்கம்பியால் (செம்பை அமுக்கி வழவழப்பாக்கும் எஃகுக் கருவி) முன்னும் பின்னும் தேய்த்தால் போதும். ஆழமாக வெட்டிவிட்ட தவறு, உதாரணமாகச் சாத்தானின் முழங்கால் தவறிய இடத்தில் விழுந்தால், சுரண்டித்தான் ஆக வேண்டும். சுரண்டிய இடம் குழியாகும், குழி மையைப் பிடித்துத் திட்டாகும். ஆகவே வளைகால் காலிப்பரின் ஒரு முனையைத் தவறின் மேல் வைத்து, மறு முனையால் பின்பக்கத்தில் அதே இடத்தைக் குறியுங்கள். முகம் கீழாக, வழவழப்பான எஃகுப் பட்டடையின் மேல் வைத்து, உருண்டை முனைச் சுத்தியலால் குறித்த இடத்தில் சிறு சிறு தட்டாகத் தட்டுங்கள். குழி மேலே வரும். பிறகு 1500 உப்புத்தாள், மெருகுக்கம்பி, மறுவெட்டு. ஓங்கி ஒரே அடி அடித்தால் முன்பக்கத்தில் மேடு கிளம்பும். மேட்டில் துணி மையைச் சுத்தமாக எடுத்துவிடும், திட்டுக்குப் பதில் வழுக்கை விழும்.

இந்தத் திருத்தத்துக்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. 1919 முதல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் யோபு தகடுகளின் பின்பக்கத்தை ஆராய்ந்தபோது, இப்படித் தட்டி எழுப்பிய சுத்தியல் தழும்புகள் நிறையவே கிடைத்தன. மனத்தில் கண்டதைத் திருத்தமின்றி நேரே செம்பில் இறக்கியவர் என்று பிளேக்கைப் பற்றி நெடுங்காலம் சொல்லப்பட்ட கதைக்கு அந்தத் தழும்புகளே மறுப்பு.

அழித்தலுக்கு அவர் தகடுகளிலேயே இன்னொரு பாடமும் உண்டு. முதல் 215 தொகுதிகளுக்குத் தகட்டில் 'புரூஃப்' என்ற சொல் வெட்டியிருந்தது. அதை நீக்கிய பிறகே மீதி 100 தொகுதிகளைச் சித்திரத்தாளில் அச்சிட்டார்கள். அதே வேலையைப் பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். கரையின் கீழ்மூலையில் 'சோதனை' என்று 0.1 மி.மீ. கோட்டில் வெட்டி 4 படி எடுங்கள். பிறகு சுரண்டியை ஒரே திசையில் மட்டும் ஓட்டி, மெருகுக்கம்பியை அதற்குக் குறுக்காக ஓட்டி அழியுங்கள். அழித்த இடத்தில் மட்டும் மை பூசித் துடைத்துப் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்தின் சாயல் தெரிந்தால் இன்னும் 20 தேய்ப்பு. தெரியாவிட்டால் மீதி 8 தாளையும் ஈர உறையிலிருந்து எடுக்கலாம்.